நீரைப் பிடிக்கும் கூழ்: வாங்குமுன் ஊறவைத்துப் பார்ப்போம்

சர்பத்துக்குப் போடும் கசகசா தண்ணீரில் ஊறி, சுற்றிலும் கூழ் கட்டிப் பருப்பதைக் கண்டிருக்கிறோம். செயற்கை நீர்க்கூழும் அப்படித்தான். வலைபோலப் பின்னிய நீண்ட இழைகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இவற்றுள் ஒரு வகை சூட்டை உணரும். 1986இல் பெல்ற்றன் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழரும் இதனை நுண்துகள்களாகச் செய்து காட்டினார்கள். மூலப்பொருளோடு, இழைகளைக் குறுக்கே கட்டும் இன்னொரு பொருளையும் சுடுநீரில் கலந்தால் துகள்கள் உருவாகும், ஆறியதும் பருக்கும். ஏறத்தாழ 32 பாகை செல்சியசைத் தாண்டினால் தண்ணீரைக் கக்கிச் சுருங்கும். மருந்து ஆய்வுக்கு அது நல்லது. கண்டாவளையின் கோடை மண்ணோ அந்தச் சூட்டை எளிதில் தாண்டும். நட்டநடுப் பகலில் மேல்மண்ணில் கக்கிய நீரால் பயிருக்கு என்ன பயன்?

புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா நீர்க்கூழ் வேறுவிதம். செலுலோசை அடிப்படையாகக் கொண்ட அது, 40–50 பாகையிலும் நன்றாக உறிஞ்சும். தன் எடையைப்போல் 350 மடங்கு நீரை ஏற்கும் என்பார்கள்; ஏக்கருக்கு 1–2 கிலோ போதுமாம்.

ஆனால் அந்த 350 மடங்கு நல்ல நீரில் கிடைக்கும் கணக்கு. உப்பு, கூழைப் பருக்க விடாது. ஆனையிறவு, சுண்டிக்குளம் கடனீரேரிகளை அண்டிய நமக்கு இதுவே பெரிய கேள்வி. ஆகவே பை வாங்குமுன் கொஞ்சம் மாதிரி கேளுங்கள். இரண்டு போத்தல்களில் ஒவ்வொரு லீற்றர்: ஒன்றில் மழைநீர், மற்றதில் உங்கள் கிணற்று நீர். ஒவ்வொன்றிலும் கால் தேக்கரண்டி போட்டு, ஓர் இரவு விடுங்கள். காலையில் துணியில் வடித்து, மிஞ்சிய நீரை அளந்து பாருங்கள். கிணற்று நீரில் பாதிகூடப் பருக்கவில்லையா? அந்தக் காசுக்கு மாட்டெரு ஏற்றுங்கள்.