பல கையும் ஒரு கட்டடமும்

ஊர் கூடித் தேரிழுத்தல் நம் நாட்டார் நெடுங்காலமாக அறிந்த காரியம். வடம் பற்றுங் கைகள் நூறாயினும் தேர் செல்லுந் திசை ஒன்றே. ஆதலின் கை பெருகப் பெருகத் தேர் எளிதில் நகர்கின்றது. ஆயின், ஓர் ஓலையில் ஒரே வேளையில் இருவர் எழுத்தாணி கொண்டு எழுதப் புகுவராயின் விளைவது யாது? ஓலையுங் கெடும், கருத்துங் கெடும். கணினியிற் பலர் கூடி அமைக்கும் கட்டட மாதிரிகளில் இவ்விடர் எழும் விதத்தையும், அதனை நீக்கும் முறைகளையும், அம்முறைகளின் எல்லையையும் ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னாளில் ஒரு கட்டடத்திற்குத் தளப்படம், முகப்புப்படம், வெட்டுப்படம் எனப் பல படங்களைத் தனித்தனியே வரைந்தனர். இக்காலத்து மென்பொருள்களோ கட்டடம் முழுவதையும் ஒரே முப்பரிமாண மாதிரியாகக் கொண்டு, வேண்டிய படங்களை அதினின்றே எடுத்துத் தருகின்றன. சுவரை ஓரடி நகர்த்தினால் அதிலுள்ள கதவும் உடன் நகரும். படங்கள் எல்லாவற்றிலும் அம்மாற்றந் தானே தோன்றும். இஃது இதன் சிறப்பு. ஆனால் கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின்னமைப்பினர், குழாயமைப்பினர் ஆகிய பலரும் அவ்வொரு மாதிரியிலேயே வேலை செய்யவேண்டியிருத்தலின், இடரும் அங்கேயே பிறக்கின்றது.

அவ்விடரின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். காலை 9 மணிக்கு இருவர் ஒரே கோப்பைத் திறக்கின்றனர் என்க. ஒருவர் மாடிப்படியைத் திருத்தி நண்பகலிற் சேமிக்கின்றார். மற்றவர் சாளரங்களைத் திருத்தி மாலையிற் சேமிக்கின்றார். பின்னவர் கையிலிருந்தது காலையிலிருந்த கோப்பேயாதலின், அதிற் பழைய மாடிப்படியே உண்டு. அவர் சேமித்த கணமே முன்னவரின் அரைநாள் உழைப்பு மறைந்தொழியும். கணினி ஒரு சொல்லும் எச்சரியாது. இழந்தவர்க்கும் இழந்தமை தெரியாது. இவ்வமைதியே இவ்விடரின் கொடுமை.

இதற்கு அறிஞர் கண்ட பழைய முறைகள் இரண்டு. முதலாவது பூட்டு முறை. 1982-இல் பர்டூ பல்கலைக்கழகத்து வால்ட்டர் டிக்கி என்பார் விளக்கி எழுதிய ஆர்.சி.எஸ். என்னும் அமைப்பு இவ்வகையினது. ஒருவர் ஒரு கோப்பைப் பூட்டித் திருத்துங்கால் பிறர் படிக்கலாம், திருத்தலாகாது. இம்முறை காவல் மிக்கது. ஆயினும் பூட்டியவர் திறவாமல் வீடு சென்றுவிடின் மற்றையோர் கைகட்டி நிற்கவேண்டும். இரண்டாவது இணைப்பு முறை. 1986-இல் டிக் கிரூனே என்பார் வெளியிட்ட சி.வி.எஸ். இதற்குப் புகழ்பெற்ற சான்று. இதில் ஒவ்வொருவரும் தத்தம் பிரதியைத் திருத்தி, பின்னர் அவற்றை வரிவரியாக ஒப்பிட்டு இணைப்பர். இருவரும் ஒரே வரியைத் தொட்டிருந்தால் மட்டும் மனிதர் தீர்ப்பு வேண்டும். எழுத்துக்கு இம்முறை நன்கு பொருந்தும். கட்டட மாதிரியோ வரிகளாலாயதன்று, உறவுகளாலாயது. ஒருவர் சுவரை நீக்க, மற்றவர் அதே சுவரிற் சாளரம் வைப்பாராயின், அவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது?

ஆதலின் இத்துறை மென்பொருள்கள் இரு முறைகளையுங் கலந்து கையாளுகின்றன. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2002-இல் தன்னதாக்கிக்கொண்ட ரெவிட் என்பதை நோக்குக. அதிற் பலருக்கும் பொதுவாக ஒரு மையக் கோப்பு உண்டு; ஒவ்வொருவரும் அதன் பிரதியைத் தம் கணினியில் வைத்து வேலை செய்வர். ஒருவர் ஒரு தூணைத் தொட்டுத் திருத்தத் தொடங்கியதும், அத்தூண் அவர்க்கு இரவலாகிவிடும்; அதனைப் பிறர் திருத்தவியலாது. வேண்டுவோர் மென்பொருள் வழியாகவே விண்ணப்பம் அனுப்பலாம். திருத்தியவர் தம் பிரதியை மையக் கோப்போடு ஒத்திசைத்து இரவலைத் திருப்பிய பின்னரே அது பிறர் கைக்கு வரும். கோப்பு முழுவதையும் பூட்டாது உறுப்பளவிற் பூட்டுதலே இதன் நுட்பம். ஒருவர் தூணில் இருக்கும்போது மற்றவர் கதவில் இருக்கலாம்.

வேறொரு நெறியும் உண்டு. 1968-இல் டக்ளஸ் எங்கெல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில், தொலைவிலிருந்த இருவர் ஒரே திரையிற் கூடி வேலை செய்தலைக் காட்டினார். அவ்வாறு உடனுக்குடன் பலர் எழுதும்போது எழுஞ் சிக்கலுக்கு 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் என்னும் இருவர் ஒரு தீர்வு கூறினர். ஒருவர் வரியின் முதலில் 3 எழுத்துகளைச் சேர்த்த அதே நொடியில், மற்றவர் 10-ஆம் எழுத்தை நீக்கினார் என்க. பின்னவரின் கட்டளை, முன்னவரின் பிரதியில் 13-ஆம் எழுத்தை நீக்குவதாக மாற்றப்படல் வேண்டும். இங்ஙனம் மாற்றினால் இருவர் பிரதியும் ஒன்றாகும்.

ஆயினும் இம்முறைகள் யாவற்றிற்கும் ஓர் எல்லை உண்டு. பொறியாளர் ஓர் உத்தரத்தை இரவல் பெற்று அதன் ஆழத்தைக் கூட்டுகின்றார். மற்றொருவர் காற்றுக்குழாயை இரவல் பெற்று அதனைச் சிறிது உயர்த்துகின்றார். ஒருவர் பொருளை மற்றவர் தொடவில்லை, பூட்டு மீறப்படவுமில்லை, ஒத்திசைவும் இனிதே முடிந்தது. ஆனால் குழாய் உத்தரத்தை ஊடுருவி நிற்கின்றது! இது படத்திற் புலப்படாது போயின், கட்டுமிடத்திற் புலப்படும். ஆண்டு உத்தரத்தைத் துளைக்கத் துணிவரேல் கட்டடத்தின் வலிமைக்கே ஊறு நேரும். மோதலைச் சோதித்துக் காட்டும் வசதி மென்பொருளில் உண்டு. ஆயினும் விட்டுக்கொடுக்கவேண்டுவது உத்தரமா குழாயா என்று அஃது உரையாது. அதனை இருவரும் கூடிப் பேசியே துணிதல் வேண்டும்.

கூட்டாக வேலை பயிலும் மாணாக்கர் சிலவற்றை வழக்கமாக்கிக் கொள்வது நன்று. எப்பகுதி யார் பொறுப்பு என்பதைத் தொடங்குமுன் வகுத்துக்கொள்க. நாள்முடிவுவரை காத்திராது அடிக்கடி ஒத்திசைக்க. எழுந்து செல்லுமுன் இரவலைத் திருப்புக. யாது மாற்றினோம், ஏன் மாற்றினோம் என ஓரிரு வரி குறித்து வைக்க. பிறர் பகுதியை ஒட்டிய மாற்றமாயின், செய்தபின் அறிவித்தலினும் செய்யுமுன் வினவுதலே சிறந்தது.

ஒருவர் உழைப்பை மற்றவர் அறியாது அழித்தலைப் பூட்டும் இரவலுந் தடுக்கும். இருவர் கருத்தை ஒரு கட்டடமாக இசைவித்தலோ அவற்றால் ஆகாது. அது மாந்தரிடையே நிகழும் உரையாட்டின் பாலது. வடம் பிடிப்போர் ஒருவர் குரலுக்கு ஒருவர் செவிகொடுத்தாலன்றித் தேர் நிலைசேராது என்பதை நாம் மறவாதிருப்போமாக.