ஒரு செயலி, ஒரு சட்டம், மூன்று கேள்விகள்



தகவல் தொழில்நுட்பம் சமுதாயத்தை மாற்றுகிறது என்று எல்லாரும் சொல்கிறோம். எப்படி மாத்துதுன்னு கேட்டால் பலருக்குப் பதில் வராது. இந்தப் பாடத்தில் நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்: டிரேஸ்டுகெதர்.

1. புத்தாக்கம்
கொவிட்-19 பரவிய நேரத்தில், 2020 மார்ச்சில், சிங்கப்பூர் அரசாங்கம் இச்செயலியை வெளியிட்டது. அருகருகே இருந்த கைபேசிகள் புளூடூத் வழியாக ரகசிய எண்களைப் பரிமாறிக்கொண்டன. நாம் எந்த இடத்தில் இருந்தோம் என்பதல்ல, யாருக்குப் பக்கத்தில் இருந்தோம் என்பதே பதிவானது. 25 நாளில் அது அழிக்கப்பட்டது.

2. சமுதாயம்
திறன்பேசி இல்லாதவர்களுக்குச் சிறிய கருவி ஒன்று கொடுத்தார்கள். நம்ம தாத்தா பாட்டி கழுத்துல மாட்டிக்கிட்டுப் போனாங்களே, அதேதான். கிருமித்தொற்றைத் தடுக்க மட்டுமே என்ற நம்பிக்கையில் மக்கள் சேர்ந்தார்கள்.

3. பொதுக்கொள்கை
குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறையும் இத்தகவலைப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மக்கள் கேள்வி எழுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டம் திருத்தப்பட்டது. கொலை, பயங்கரவாதம், கடத்தல் போன்ற 7 வகைக் கடும் குற்றங்களின் விசாரணைக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று அப்போது விதிக்கப்பட்டது. மீறினால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே என்றும் சொல்லப்பட்டது.

இதில் நான் காண்பது இதுதான்: தொழில்நுட்பம் முன்னால் ஓடுது, சட்டம் பின்னால் வருது. இடையில் இருப்பது மக்களின் நம்பிக்கை. மக்கள் கேட்டதால்தான் எல்லை தெளிவானது. சும்மா இருந்திருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே எந்தச் செயலியானாலும் 3 கேள்விகளைக் கேட்கப் பழகுவோம்:
அ. என் தகவலை யார் பார்க்கலாம்?
ஆ. எதற்காக?
இ. எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

அரசாங்கத்தை மட்டும் கேட்டால் போதாது. நம்ம மன்ற நிகழ்ச்சிக்குப் பதிவுப் படிவம் தயாரிக்கிறோமே, அதில் அடையாள அட்டை எண் எதற்கு? சட்டம் கோரினாலோ, ஒருவரை உறுதியாக அடையாளம் காண அவசியமானாலோ தவிர, அமைப்புகள் அதைக் கேட்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் முதல் இங்குள்ள விதி. பெயரும் தொடர்பு எண்ணும் போதுமென்றால் அதோடு நிறுத்துவோம்.

பயிற்சி: உங்கள் கைபேசியில் தினமும் பயன்படுத்தும் ஒரு செயலியை எடுத்து, இந்த 3 கேள்விகளுக்கும் விடை தேடுங்கள். அடுத்த சந்திப்பில் பேசுவோம்.