கோடையில் கேள்வி கேட்கப் போகிறவர்கள்

அன்புள்ள நிலாவுக்கு,

எதிர்வீட்டுப் பெண் கோடை விடுமுறைக்கு ஜெருசலேம் போகிறாள், அங்கேயும் காலையில் வகுப்பு இருக்கிறதாம், "லீவுல போய் யாராவது படிப்பாங்களா சித்தி?" என்று கேட்டிருந்தாய். படிக்கிறார்கள். அமெரிக்க யூதக் குடும்பங்களைச் சேர்ந்த பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் பலர் ஜூன் கடைசியில் விமானம் ஏறி, ஐந்தாறு வாரம் இஸ்ரேலில் தங்கிப் படித்துவிட்டு ஆகஸ்டில் வீடு திரும்புகிறார்கள். 1954இல் தொடங்கிய என்.சி.எஸ்.ஒய். என்ற இளைஞர் அமைப்பு, பெண்களுக்கென்றே ‘மிக்லெலெத்’ என்ற கோடைப் படிப்பை நடத்துகிறது. இன்னும் பல அமைப்புகளும் இப்படி அழைத்துப் போகின்றன. பாடம் உண்டு, மலையேற்றம் உண்டு, வெள்ளிக்கிழமை சூரியன் சாய்வதற்குள் கைபேசியை அணைத்து வைப்பதும் உண்டு. ஷபாத் என்னும் ஓய்வுநாள் தொடங்கப் போகிறது என்று ஜெருசலேம் நகரம் முழுக்கக் கேட்கும்படி சைரன் ஒலிப்பார்கள்.

அவர்களுடைய படிப்பறைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது இரைச்சல். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி உரக்க வாசிப்பாள், இன்னொருத்தி நடுவிலேயே மடக்குவாள். இப்படி இணையாகப் படிப்பதற்கு ஹவ்ரூதா என்று பெயர். கையிலிருக்கும் புத்தகமே அவர்களை வாதத்துக்கு இழுக்கும். பக்கத்தின் நடுவில் வேதமூலமும் சுற்றிலும் பொடி எழுத்தில் உரைகளும் அச்சாகியிருக்கும். 11ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் ரஷி ஒன்று சொல்லியிருப்பார். 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் நஹ்மானிதெஸ் அவர் பெயரைச் சொல்லியே மறுத்திருப்பார்.

சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவிலிருந்த ஆலயத்துக்குப் போய் அழுது வேண்டுகிறாள். உதடு அசைகிறது, குரல் கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஆசாரியர் ஏலி, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து அவளை அதட்டுகிறார். அன்னாள் பயந்து ஓடவில்லை. நான் குடிக்கவில்லை, மனம் நொந்து போயிருக்கிறேன் என்று நின்று பதில் சொல்கிறாள். இந்தச் சில வரிகளிலிருந்துதான் தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட நூல் தொழுகைக்கான விதிகளையே எடுக்கிறது. மனம் ஒன்றி வேண்ட வேண்டும், சொற்களை உதட்டால் உச்சரிக்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது. இன்றும் யூதர்கள் தங்கள் முதன்மையான வேண்டுதலை நின்றுகொண்டு, உதடு அசைய, தாழ்ந்த குரலில் சொல்வதற்கு முன்மாதிரி இந்தப் பெண்தான்.

சின்ன வயதிலிருந்து பள்ளியில் அந்த வேண்டுதலை மனப்பாடமாக ஒப்பித்துவந்த ஒருத்திக்கு, அதைச் சொல்லும் முறையே ஒரு பெண்ணின் அழுகையிலிருந்து வந்தது என்று பதினாறு வயதில் தெரியவருகிறது. இணைகளுக்குள் வாதம் சூடுபிடிக்கும். குருவாயிருப்பவர் எப்படி இவ்வளவு அவசரமாகத் தீர்ப்புச் சொல்லலாம்? பிள்ளை கொடுத்தால் அவனை உமக்கே தருவேன் என்று கடவுளிடம் பேரம் பேசலாமா? தல்மூத் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உலகம் படைக்கப்பட்ட நாள்முதல் கடவுளைச் ‘சேனைகளின் கர்த்தர்’ என்று முதலில் அழைத்தவள் அன்னாள்தான், இத்தனை சேனைகளைப் படைத்த உமக்கு எனக்கொரு பிள்ளையைத் தருவது பெரிய காரியமா என்று அவள் கேட்டாள் என்கிறார் அதில் வரும் ரபி (யூத மத குரு) எலாசார். கடவுளிடம் இப்படியும் பேசலாம் என்பது அந்த வயதில் தெரியவேண்டிய செய்தி என்பேன். இலையுதிர் காலத்தில் வரும் யூதப் புத்தாண்டின் முதல் நாள் ஜெபக்கூடத்தில் வாசிப்பதும் இதே அத்தியாயம்தான். கோடையில் வரிவரியாக வாதாடியவள் அன்றைக்கு அதை எப்படிக் கேட்பாள் என்று யோசித்துப் பார்.

பெண்கள் இப்படிப் படிப்பது பழைய வழக்கமில்லை, நிலா. நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரை, கிழக்கு ஐரோப்பாவில் மதப்பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள் பையன்கள்தான். பெண்பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போய்ப் போலிஷ் இலக்கியம் படித்தார்கள். வீட்டில் பெற்றோர் செய்யும் சடங்குகளின் பொருளை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இதைக் கண்டு வருந்தியவர் கிராகோவில் 1883இல் பிறந்த சாரா ஷெனிரெர் என்ற தையல்காரர். முதல் உலகப்போரில் அகதியாக வியன்னாவுக்குப் போனபோது அங்கே ஒரு ரபியின் உரைகளைக் கேட்டார். பெண்களுக்கும் இதையெல்லாம் யாராவது சொல்ல வேண்டாமா என்ற எண்ணம் அங்கேதான் வலுத்தது. ஊர் திரும்பி 1917இல் 25 சிறுமிகளோடு வகுப்பைத் தொடங்கினார். அதுதான் ‘பைஸ் யாக்கோவ்’ பள்ளிகளின் தொடக்கம்.

பள்ளிகள் பெருகியதும் ஆசிரியைகள் போதவில்லை. 1920களில் போலந்துக் கிராமங்களில் கோடைக்காலப் பயிற்சி வகுப்புகளை நடத்தினார்கள். ஜெர்மனியிலிருந்து ஜூடித் ரோசன்பாம் என்ற இளம் ஆசிரியை வந்து சேர்ந்தார். கோடையில் படித்த பெண்கள், தாங்களே இன்னும் சின்னப் பெண்களாக இருக்கும்போதே, வேறு ஊர்களுக்குப் போய்ப் பள்ளி நடத்தினார்கள். ஷெனிரெர் 1935இல் காலமானார். இரண்டாம் உலகப்போருக்கு முன் 200க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன, 30,000க்கும் மேற்பட்ட மாணவிகள் படித்தார்கள். அவர்களிலும் ஆசிரியைகளிலும் மிகப் பலர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் பள்ளிகளை மறுபடி எழுப்பினார்கள்.

கோடைப் படிப்பின் நடுவே கடினமான ஒரு நாள் வரும். யூத நாட்காட்டியில் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள், கி.மு. 586இலும் கி.பி. 70இலும் ஜெருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதற்கான துக்கநாள். ஏறத்தாழ 25 மணி நேரம் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. தோல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மங்கிய வெளிச்சத்தில் புலம்பல் நூலை வாசிப்பார்கள். நாக்கு வறண்டு தலை கனக்கும்போது, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இடிந்த கட்டடத்துக்காக எனக்கு அழுகை வரவில்லையே என்ற குற்ற உணர்வும் சில பெண்களுக்குச் சேர்ந்துகொள்ளும். அழுகை வராவிட்டால் வராதபடியே உட்காரவிடும் ஆசிரியைதான் நல்ல ஆசிரியை. கூட்டத்தோடு கூட்டமாக அழவைப்பது எளிது, அது விமானம் இறங்குவதற்குள் காய்ந்துவிடும்.

கேட்கப் பழகியவர்களின் கேள்வி புத்தகத்தோடு நிற்காமல் கற்கள்வரைக்கும் போகவேண்டும் என்றும் நினைக்கிறேன். அந்தப் பழைய ஆலய வளாகத்தின் மேற்குச் சுவருக்கு முன்னால் அவர்கள் நின்று வேண்டும் அகன்ற முற்றம், 1967 ஜூன் வரை மொராக்கோக் குடியிருப்பு என்ற முஸ்லிம் தெருக்கள் இருந்த இடம். அந்த மாதம் நடந்த போர் முடிந்த கையோடு அந்த வீடுகளை இடித்துத்தான் முற்றம் அமைத்தார்கள். தன் மக்களின் இடிந்த வீட்டுக்காக நோன்பிருக்கும் பெண்ணால் பக்கத்துவீட்டாரின் இடிந்த வீட்டைப் பற்றியும் கேட்க முடியும். அதையும் பேச இடம் தரும் படிப்புதான் முழுமையானது.

ஊர் திரும்பியபின் என்ன ஆகும்? உற்சாகம் வடியும். பள்ளி, தேர்வு, பழைய நட்பு வட்டம் எல்லாம் காத்திருக்கும். இதற்கு ஒரு வழி காட்டியவர் நெகாமா லீபோவிட்ஸ் என்ற வேத ஆசிரியை. 1905இல் ரீகாவில் பிறந்து, 1930இல் ஜெருசலேமில் குடியேறியவர். மதச்சார்புள்ள கிப்புட்ஸ் பண்ணைகளிலிருந்து சில மாதம் படிக்க வந்த பெண்கள், ஊருக்குப் போன பிறகும் படிக்க எங்களுக்குக் கேள்விகள் அனுப்புங்கள் என்று அவரிடம் கேட்டார்கள். 1942இல் வாராவாரம் கேள்வித்தாள் அனுப்பத் தொடங்கினார். ரஷிக்கு இந்த வரியில் எது இடறியது என்பது அவருடைய புகழ்பெற்ற கேள்வி. கடினமானவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் கடினமானவற்றுக்கு இரண்டு. அஞ்சலில் வந்த விடைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பியனுப்பினார். 1971 வரை புதுப்புதுத் தாள்கள் வந்துகொண்டிருந்தன.

இன்று அதே வேலையைக் கைபேசியில் செய்யலாம். கோடைத் துணையோடு வாரம் ஒரு மணி நேரம் குறித்துக்கொண்டு படிக்கலாம். இன்னொரு வழக்கமும் இந்த வயதுப் பெண்களிடம் உண்டு. ‘ஹஃபெத்ஸ் ஹயீம்’ என்ற பெயரில் அறியப்பட்ட ரபி 1873இல் புறம்பேசுதல் பற்றிய சட்டங்களைத் தனி நூலாக எழுதினார். ஷெனிரெரின் பள்ளிகளை ஆதரித்தவரும் அவர்தான். அந்தச் சட்டங்களைத் தினம் ஒன்றிரண்டாகப் படித்து, நாளில் ஒரு மணி நேரம் யாரைப் பற்றியும் புறம்பேசுவதில்லை என்று தோழிகள் கூடிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தை எடுப்பாள், இன்னொருத்தி இரவு படுக்குமுன் அரட்டை அடிக்கும் நேரத்தை எடுப்பாள். எது கடினம் என்று உனக்கே தெரியும்.

எதிர்வீட்டுப் பெண் வந்ததும், "ட்ரிப் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதே. எந்தப் பகுதியைப் படித்தாய், உன் இணை உன்னை எங்கே மடக்கினாள் என்று கேள். புறம்பேசாத நேரம் ஒன்றை அவள் வைத்திருந்தால் அதையும் தெரிந்துவைத்துக்கொள், அந்த நேரத்தில் வகுப்புக் கதைகளைக் கொண்டுபோகாதே. வெள்ளி மாலையிலிருந்து சனி இரவுவரை போன் எடுக்க மாட்டாள், கோபித்துக்கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
சித்தி