கணித அருங்காட்சியகத்துக்கு வகுப்பை அழைத்துப் போகும் ஆசிரியருக்கு

ஜெர்மனியில் ஃபிராங்க்பர்ட்டுக்கு வடக்கே, கீஸன் ஊரின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது மத்தமாட்டிகும். கணிதப் பேராசிரியர் ஆல்பிரெக்ட் பாய்டெல்ஷ்பாகர் முன்னின்று உருவாக்கி, 2002இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள். எல்லாமே தொட்டு, உருட்டி, அடுக்கிப் பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டவை.

முதலில் நீங்கள் மட்டும் ஒருமுறை போய் வாருங்கள். எதில் மாட்டிக்கொள்கிறீர்களோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, ஒரே அச்சில் வார்த்ததுபோல இரண்டு துண்டுகள் இருக்கும். சேர்த்து நான்முகி ஆக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சதுரம், இரண்டு முக்கோணம், இரண்டு சரிவகம். பெரியவர்கள் பலரும் சரிவகங்களைத்தான் ஒட்டவைக்கப் பார்ப்பார்கள். முழுக்க முக்கோணங்களாலான உருவத்துக்குள் சதுரம் ஒளிந்திருக்கும் என்று மனம் ஒப்பாது. சதுரத்தோடு சதுரத்தைச் சேர்த்து, ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பினால் முடிந்தது. அந்தத் தடுமாற்றத்தைக் கையால் உணர்ந்த ஆசிரியர், பிள்ளை திணறும்போது அவசரப்பட்டு விடை சொல்லமாட்டார். தனியாகப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து, வகுப்புக்கென்று நான்கைந்து பொருள்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அத்தனையையும் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பினால் ஒன்றும் மனதில் நிற்காது.

வகுப்போடு போகும் நாளில் முதல் அரை மணி நேரம் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுங்கள். பிறகு இரண்டு மூன்று பேராகப் பிரித்து அனுப்புங்கள். குழு பெரிதானால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். பந்துப் பந்தயத்தில் உருட்டுவதற்கு முன்பே கை தூக்கச் சொல்லுங்கள்: நேரான சரிவில் போகும் பந்து முந்துமா, வளைந்த பாதையில் போவதா? நேர்ப்பாதைதான் குட்டை. ஆனாலும் தொடக்கத்திலேயே செங்குத்தாக இறங்கி வேகம் எடுத்துவிடுவதால் வளைவில் போகும் பந்தே ஜெயிக்கும். மிக வேகமான பாதை எது என்று 1696இல் யோஹான் பெர்னூலி விடுத்த சவாலை அப்போது சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

லியோனார்டோ பாலத்துக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். ஆணி, கயிறு, பசை எதுவும் கிடையாது; கட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாகவும் கீழாகவும் பின்னி நிற்கும். மேலே எடை ஏற ஏறப் பிடி இறுகும். சரிந்தால் சரியட்டும், அவர்களே மறுபடி கட்டட்டும்.

கேள்வித்தாள் கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு படம் வரைந்தால் போதும்.

திரும்பி வந்த வாரமே வகுப்பில் ஒன்றைச் செய்து பாருங்கள். அங்கே சோப்புப் படலத்துக்குள் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். இரண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடுகளுக்கு இடையே மூன்று சிறு கம்பங்களை முக்கோணமாக நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் முக்கி எடுங்கள். மூன்று படலங்கள் நடுவே ஒரு புள்ளியில் கூடும். தகட்டின் மேல் கோணமானியை வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோணமும் 120 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். முக்கோணத்தின் எந்தக் கோணமும் 120 டிகிரியை எட்டாதபடி கம்பங்களை வையுங்கள். அடுத்த வகுப்பில் நான்காவது கம்பத்தைச் சேர்க்கலாம்.