கல்முனைக் கரையின் கிணறுகளும் பார உலோகங்களும்

மருதமுனை முதல் நிந்தவூர் வரையுள்ள நமது ஊர்கள் மணல்மேல் அமைந்தவை. கிழக்கே கடல், மேற்கே கல்லோயா நீர் பாயும் வயல்கள். இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் விழும் மழைநீர் மணலூடு இறங்கி, கனமிக்க கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் உண்டென்பது நீரியலார் கணக்கு.

2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கிணறுகளை உவராக்கிற்று. இறைக்க இறைக்க நன்னீர் ஊறுமெனப் பலர் கருதினர். அளவுக்கு மிஞ்சி இறைத்தவிடத்துக் கீழிருந்த உவர்நீரே மேலெழுந்தது. உப்பைக் கழுவியவை பின்வந்த மாரிமழைகளே. உப்பு ஒருவகையில் நேர்மையான பகை. நாவிற் பட்டதும் தன்னை அறிவித்துவிடும். ஈயமும் கட்மியமும் ஆசனிக்கும் அத்தகையன அல்ல. தீங்கு விளைக்கும் அளவிலும் அவை நிறமோ மணமோ சுவையோ காட்டா.

குடிநீரில் இலீற்றருக்கு ஈயமும் ஆசனிக்கும் தனித்தனி 10 மைக்குரோகிராமுக்கும், கட்மியம் 3 மைக்குரோகிராமுக்கும் மேற்படலாகாதென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மைக்குரோகிராமாவது கிராமின் பத்து இலட்சத்திலொரு பங்கு. ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கட்மியம் சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்காய்த் தங்கும். ஆசனிக்கு தோலைத் தடிக்கச்செய்து, நாளடைவிற் புற்றுநோயும் விளைக்கும். கொதித்தாறிய நீரே போதுமென நம்மிற் பலர் நம்புகின்றோம். கொதியாற் கிருமி சாகும். உலோகமோ அப்படியே நிற்கும். நீர் வற்றினால் அதன் செறிவு கூடவுஞ் செய்யும்.

வயிற்றோட்டத்துக்கு அஞ்சிப் பங்களாதேசத்தார் 1970களிற் குழாய்க்கிணறுகளைப் பெருந்தொகையாக இறக்கினர். அந்நீரில் ஆசனிக்கு இருப்பது அங்கு 1993 இலேயே தெரியவந்தது. அது நிலத்தின் இயல்பால் நேர்ந்தது. தமிழ்நாட்டு இராணிப்பேட்டையில் நேர்ந்தது மனிதர் செயல்: குரோமேற்றுத் தொழிற்சாலையொன்று 1990களில் மூடப்பட்ட பின்னரும், அது குவித்துச் சென்ற இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கழிவு தரைக்கீழ் நீரைக் கெடுத்துவந்தது.

நமது கரையில் நாம் அஞ்சவேண்டியது இவ்விரண்டாம் வகையையே. களிமண்ணும் மக்கிய இலைதழையும் உலோகங்களை ஓரளவு பற்றிவைக்கும். வெறும் மணலுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. குப்பையொடு எறியப்படும் பழைய பற்றரிகளும் மின்சாதனங்களும் ஈயமுங் கட்மியமும் உடையன. பொசுபேற்றுப் பசளையிலும் சிறிதளவு கட்மியம் கலந்திருப்பதுண்டு. நெசவுச் சாயங்களுட் சில குரோமியமோ செம்போ கொண்டவை. மருதமுனையின் புகழ்பெற்ற தறிகளைக் குறைகூறுதற்கு இதனைச் சொன்னோமல்லோம், சாயநீர் கிணற்றருகே ஊற்றப்படலாகாதென்பதற்கே சொன்னோம்.

கல்லூரி ஆய்வுகூடத்து வெள்ளி நைத்திரேற்று உப்பை மட்டுமே காட்டும். மைக்குரோகிராம் அளவில் உலோகத்தை அறிய அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற கருவி வேண்டும். ஆகவே மாணவர் செய்யத்தக்கது மாதிரி எடுத்தலாம். கோடை முடிவில் ஒருமுறையும், நீர்மட்டம் உயர்ந்து குப்பைக்குழிகளைத் தொடும் மார்கழியில் ஒருமுறையும், கிணற்றின் இடம், ஆழம், நாள் ஆகியவற்றைக் குறித்துத் தூய போத்தல்களில் எடுத்து, தக்க ஆய்வுகூடத்துக்கு அனுப்புக.