மீள்குடியேறச் செல்பவர்களும் வளர்ப்பு மிருகங்களும்

தலவிலயிலிருந்து சொந்த ஊருக்குக் காணி பார்க்கச் செல்லும் குடும்பங்கள் ஆடு, மாடு, நாய் எதையும் தண்ணீரும் தீனியுமின்றிக் கட்டிவிட்டுப் போகவேண்டாம். மணல் வெயிலில் கட்டப்பட்ட மிருகம் நிழல் தேடவும் முடியாது.

1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, அடிப்பது மட்டுமல்ல, கவனியாமல் விட்டுத் தேவையற்ற வேதனைக்கு உள்ளாக்குவதும் குற்றமே. அச்சட்டம் விதித்த தண்டப்பணம் 100 ரூபா வரைதான்; ஆனால் 3 மாதம் வரை சிறையும் உண்டு.

புறப்படுமுன்:
• நம்பிக்கையான அயலவரிடம் ஒப்படையுங்கள். தீனிச் செலவையும் கொடுங்கள்.
• நோயுற்றதைக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.
• மாடுகளை வேறிடம் கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் தேவை (1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மிருகங்கள் சட்டம்). கிராம அலுவலரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள்.