‘யாரிடமும் சொல்லாதே’ என்றால் என்னிடம் சொல்

அன்புள்ள கண்ணு,

வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னான். ரெஸ்யூமை நாலைந்து தளங்களில் ஏற்றியிருப்பாய். உன் பெயர், செல் எண், படிப்பு, உனக்கு வேலை தேவை என்ற செய்தி எல்லாம் முன்பின் தெரியாத பலர் கைக்குப் போயிருக்கும். இனி வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் யார் யாரோ வருவார்கள். அவர்களுக்கு முன்னால் என் கடிதம் உன்னிடம் வந்து சேர வேண்டும்.

என் உத்தியோகக் காலம் முழுவதும் வங்கிக் கவுண்டரில் கழிந்தது உனக்குத் தெரியும். கடைசி சில வருடங்களில் ஆன்லைனில் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றவர்கள் நிறையப் பேர். ஆசிரியர், ஆடிட்டர், பனியன் கம்பெனி முதலாளி என்று எல்லாரும் விவரமானவர்கள். பக்கத்தில் இருந்தவரிடம் “இதைக் கொஞ்சம் பாருங்க” என்று காட்டிவிட்டுப் பணம் அனுப்பியதாக அவர்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஆளைத் தனியே பிரிப்பதுதான் மோசடிக்காரனின் முதல் வேலை. போலித் தளமும் போலி லோகோவும் அதற்குப் பிறகுதான். பத்து நிமிடத்தில் கணக்கு முடங்கும் என்பான், இன்று இரவு கரண்ட் கட் என்பான், லைனைத் துண்டிக்காதே என்பான், வீட்டில் மூச்சு விடாதே என்பான். நீ இன்னொருவரிடம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை அவசரமும்.

உன் வயதுக்காரர்களை அதிகம் விழுங்குவது ‘டாஸ்க்’ வேலை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யூடியூப் வீடியோவுக்கு லைக் போடு, ஏதோ ஒரு ஹோட்டலுக்குக் கூகுள் மேப்ஸில் ஐந்து நட்சத்திரம் கொடு, 100 ரூபாய், 200 ரூபாய் தருகிறேன் என்பார்கள். உண்மையிலேயே தருவார்கள். உன் கணக்கில் வந்து விழும் அந்தப் பணம்தான் தூண்டில் புழு. அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே இருப்பவர்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் சம்பாதித்ததாக ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். அந்தக் குழுவில் நீ ஒருத்தன்தான் வெளியாள். பிறகு ‘பிரீபெய்ட் டாஸ்க்’ வரும். நீ பணம் கட்டினால் லாபத்தோடு திரும்பும் என்பார்கள். ஒரு தளத்தில் உனக்கு லாகின் கொடுப்பார்கள். அதில் உன் இருப்புத் தொகை ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு ரூபாய்கூடக் கிடையாது, கண்ணு. அது அவர்கள் திரையில் அடித்து வைத்த எழுத்து. எடுக்கப் போனால் வரி கட்டு, கிரெடிட் ஸ்கோர் குறைந்துவிட்டது அதைச் சரிசெய்யப் பணம் கட்டு என்று இழுத்துக்கொண்டே போவார்கள். ஒழுங்கான நிறுவனம் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். வரி கட்ட உன்னிடம் முன்பணம் கேட்காது. வேலை கொடுக்கிறவன் எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், எதுவாக இருந்தாலும், அங்கேயே நிறுத்திக்கொள்.

இந்த விஷயத்தில் என்னைத் தூங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. தாய்லாந்தில் ஐடி வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சொல்லி நம் தமிழ்நாட்டுப் பையன்களை அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைத்து, இதே மோசடிகளைச் செய்ய வைத்தார்கள். 2022-ல் சிலர் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதைதான். உன்னிடம் இனிக்க இனிக்கச் சாட் செய்கிறவன் உன்னைப் போல வேலை தேடிப்போய்ச் சிக்கிய ஒருத்தனாகவே இருக்கலாம். வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும், அந்த ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்தானா என்று முதலில் பார். டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சையே முடித்துக்கொள்.

இனி, இணைய முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள். நீ இன்ஜினியரிங் படித்தவன், ஆனாலும் அவசரத்தில் யாரும் இதைப் பார்ப்பதில்லை. தபால் முகவரியில் வீட்டுப் பெயர் முதலிலும் ஊர் கடைசியிலும் வருகிற மாதிரிதான் இதுவும். முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்திலிருந்து இடப்பக்கமாகப் படித்துக்கொண்டு போ. ஸ்டேட் வங்கியின் முகவரி ‘எஸ்பிஐ.பேங்க்.இன்’ என்று முடியும். ‘எஸ்பிஐ.பேங்க்.இன்-கேஒய்சி.டாப்’ என்று ஒன்று வந்தால், கண்ணுக்கு முதலில் படுவது வங்கியின் பெயர். கடைசியில் இருக்கும் ‘இன்-கேஒய்சி.டாப்’தான் சொந்தக்காரன். அதை யார் வேண்டுமானாலும் சொற்பக் காசுக்கு வாங்கலாம். ‘பேங்க்.இன்’ என்ற முடிவை அப்படி வாங்க முடியாது. ரிசர்வ் வங்கி 2025-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஹைதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி நிறுவனம் வங்கிகளுக்கு மட்டும் அதைப் பதிவு செய்து தருகிறது. அரசுத் தளங்களுக்கு ‘கவ்.இன்’ இருப்பதும் இப்படித்தான்.

பூட்டுப் படம் இருந்தால் பத்திரம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டுக்கு அர்த்தம். மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்று அது சொல்வதில்லை. அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் 2015-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது, திருடனுக்கும் சேர்த்து. ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் கூகுள் 2023-ல் குரோமிலிருந்து அந்தப் படத்தையே எடுத்தது.

முகவரியைப் படிப்பதைவிட நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது. வந்த லிங்க்கைத் தொடாதே. செய்தி உண்மையாகவே இருக்கட்டும், வங்கியின் ஆப்பை நீயே திற, அல்லது முகவரியை நீயே டைப் செய். உண்மையான பிரச்சினை என்றால் அங்கேயும் தெரியும். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதே. மேலே வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண் போதும். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வந்தால் அழித்துவிடு, அது உன் எஸ்எம்எஸ்ஸை எல்லாம் படிக்க வந்தது. யுபிஐ-யில் பணம் பெற ‘பின்’ நம்பர் தேவையே இல்லை.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். “உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, வரும் பணத்தை மாற்றிவிட்டால் கமிஷன்” என்று நண்பனே கேட்டாலும் கொடுக்காதே. திருட்டுப் பணம் கடந்துபோகும் வழி அது. போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்தக் கணக்குக்காரன் வீட்டு வாசலில்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் உனக்கு நடந்துவிடலாம். யாருக்கும் நடக்கும். அப்போது அழுது தீர்க்க நேரம் எடுக்காதே. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடு. தொகை, நேரம், யுடிஆர் எண் (பரிவர்த்தனைக் குறிப்பு எண்) மூன்றையும் கையில் வைத்துக்கொள். அவர்கள் அடுத்தடுத்த வங்கிகளுக்குத் தகவல் அனுப்பி, பணம் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு நிமிடங்களில் ஓடிவிடும் என்பதால், முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் மதிப்பு. அதோடு உன் வங்கிக்கும் சொல். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வங்கியின் தப்போ உன் தப்போ இல்லாமல் வேறு எவனோ எடுத்த பணத்துக்கு, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் நட்டம் உன்னைச் சேராது. ஓடிபி-யை நீயே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது உன் நட்டம், அதற்குப் பிறகு போவது வங்கியின் நட்டம். நீயே ‘பின்’ போட்டு அனுப்பியதை மீட்பது கடினம், அதனால்தான் 1930-க்கு அவ்வளவு அவசரம்.

நான் கவுண்டரில் பார்த்தவர்களில் பாதிப்பேர் இரண்டு மூன்று நாள் கழித்து வந்தவர்கள். மனைவிக்குத் தெரிந்துவிடுமே, அப்பா திட்டுவாரே என்று வெட்கப்பட்டு வெளியில் சொல்லாமல் இருந்தவர்கள். அந்த இரண்டு நாளில்தான் பணம் கை மீறிப் போயிருக்கும். உன் அப்பாவுக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் எனக்குப் போன் செய். எவ்வளவு போனாலும் சரி, நடுராத்திரி ஆனாலும் சரி. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

பொங்கலுக்கு வரும்போது அப்பத்தாவின் போனில் 1930-ஐப் பதிந்து கொடு. வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுகிறவர்கள் வயதானவர்களை அதிகம் குறி வைக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை என்று அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல். நான் சொன்னால் சரி சரி என்பாள். நீ சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
பெரியப்பா